எண்ணெய் தேய்த்துக் குளித்த இசைத்தட்டு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கடையின் வாடகைக் கிராமபோன் தட்டு ஒன்றைக் கிணற்றடியில் போட்டு, தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்பாவுக்கு ஒத்தாசை செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தீர்கள். அது எனக்குத் தெரியும். இருந்தும் நான் போட்ட சத்தத்தில் சின்னவள் அன்றைக்கு மத்தியானம் சோறு உண்ணவில்லை. "ஏன் கத்துனோம்னு அதுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்லா?" என்று உங்கள் அம்மா இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறாள். வாயால் சொன்னால் எனக்கு முன்பின்னாக வரும். அதனால் எழுதுகிறேன். எழுதினாலும் முன்பின்னாகத்தான் வரும் போல. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்து வாசியுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கடையிலிருந்து கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வாடகைக்குப் போகிற தட்டுகள் எல்லாம் அரக்கில் செய்தவை. கையில் கனக்கும். விழுந்தால் ஓடு மாதிரி உடையும். சாரல் காலத்தில் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதை எடுக்கும்போது தட்டில் கீறியிருக்கிற பாட்டு வரிகளின் மேல் விரல் படக்கூடாது. ஓரத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்த தூசியைத் தட்டின பிறகுதான் துணி. தூசியோடு துணியைப் போட்டால் அந்தத் தூசியே கீறிவிடும். பழைய மல் வேட்டித் துண்டை நனைத்து, ஒட்டப் பிழிந்து, வரி ஓடுகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே போகக்கூடாது. நடுவில் ஒட்டியிருக்கிற காகிதம் நனையக்கூடாது. நம் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்பு நிற்கும். குற்றாலத்திலிருந்து குடத்தில் கொண்டுவருகிற அருவித் தண்ணீர்தான் தோது. ஸ்பிரிட்டைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். நிழலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும்.

இவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும். இதற்கு மேல் கேட்டால் எனக்குக் குழப்பம். அந்தக் குழப்பம் உங்கள் சித்தியின் தட்டிலிருந்து வந்தது.

உங்கள் சித்தி, செங்கோட்டையில் இருக்கிறாளே, அம்மாவின் தங்கை, அவள் பாடி நீங்கள் கேட்டதில்லை. பதினைந்து வயதில் நன்றாகப் பாடுவாள் என்று வீட்டில் பேச்சு. ஒரு கல்யாணத்துக்கென்று குடும்பத்தோடு மதராஸ் போயிருந்தபோது, அங்கே இருந்த தாய்மாமன் அவளை ஒரு பதிவுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒரு கருப்புத் தட்டு சுற்றிக்கொண்டிருந்ததாம். இவள் பாடப் பாட ஒரு ஊசி அதில் நேரடியாக வரி போட்டதாம். பாடி முடித்த கையோடு தட்டு தயார். அது ஒன்றுதான், நகல் கிடையாது. "அடிக்கடி போடாதீங்க, நாலஞ்சு தடவைக்கு மேல போட்டா வரி தேஞ்சிரும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே ஒரு தடவை போட்டுக் காட்டினார்களாம். பயத்தில் இவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அந்தத் தட்டைத் துணியில் சுற்றி என் மாமனார் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தேய்ந்துவிடும் என்று யாரும் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. இரண்டு மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

யுத்தம் ஆரம்பித்ததற்கு அடுத்த சாரல் காலத்தில், மதராஸிலிருந்து ஒரு கிராமபோன் கம்பெனிக்காரர் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று தெரிந்தது. புதுக் குரல்களைத் தேடுகிறவர் என்றார்கள். நான் அப்போது உங்கள் அம்மாவைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தென்காசியில் சைக்கிளும் கிராமபோனும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தேன். மாமனார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"திங்கட்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு மாப்பிள்ளே. நீரும் பொட்டியத் தூக்கிட்டு வாரும்."

"கொழுந்தியாளும் வரட்டுமா மாமா? நேர்ல பாடினா இன்னும்..."

"அவ வரமாட்டா. பிளேட்டு பாடுனாப் பாடட்டும். பிள்ளைய ஊரான் முன்னால உக்கார வச்சுப் பாடச் சொல்ல என்னால ஆவாது." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "கேட்டுட்டு அவரு வாயத் தொறந்து இந்தக் குரல் வேணும்னு சொல்லட்டும், நானே மதராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். சொல்லலையா, செங்கோட்டைக்காரங்களுக்குத் தை மாசம்னு வாக்குக் குடுத்துருவேன்" என்றார்.

பெண் பாடக்கூடாது, தட்டு பாடலாம். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கதவுக்குப் பின்னால் உங்கள் சித்தி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தட்டைத் துணியோடு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பூத்துப் போச்சு அத்தான். ஒங்க கையிலதான் இருக்கு."

விரித்துப் பார்த்தால் தட்டு முழுக்க வெள்ளை. திருநீறு பூசினது மாதிரி. ஓரத்தில் ஊசியை வைத்துப் பார்த்தேன். மழை பெய்கிற இரைச்சல்தான் கேட்டது. ஊசி முனையில் மெழுகு போல வெள்ளை திரண்டு ஒட்டியிருந்தது. நம் தட்டுகளில் பிடிக்கிற பூஞ்சணம் பிரஷ்ஷுக்குப் பறந்துவிடும். இது பறக்கவில்லை.

மறுநாள் ரயில் ஏறிச் செங்கோட்டைக்குப் போனேன். அங்கே ஸ்டேஷன் பக்கம் கிராமபோன் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார், கொல்லத்துக்காரர். தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நடு ஓட்டையில் வெளிச்சம் காட்டினார்.

"இது நம்ம தட்டு இல்ல அண்ணாச்சி. அரக்கு இல்ல. உள்ள அலுமினியத் தகடு, மேல கருப்பு பூசியிருக்கு. என்ன பூச்சுன்னு எனக்கு அறியாது."

"தண்ணி காட்டலாமா?"

"அறியாது."

"ஸ்பிரிட்டு?"

"அறியாது. பின்ன, அறியாத சாதனத்தத் தொடாம இருக்கதாக்கும் நல்லது."

"தொடாம இத எப்படிப் போட்டுக் காட்ட?"

"அதும் அறியாது" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வரி இல்லாத ஓரத்துல ஒரு பொட்டு வச்சுப் பாரும்" என்றார்.

சனிக்கிழமை காலையில் மாமனார் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அருவித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். சேம்பு இலைமேல் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. துடைத்தால் வெள்ளை இழுபட்டதே தவிர போகவில்லை. ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சை வரி இல்லாத ஓரத்தில் வைத்தேன். அந்த இடம் மங்கிப் பிசின் மாதிரி ஆயிற்று. பயந்துபோய்ப் புட்டியை மூடிவிட்டேன்.

உங்கள் அம்மா பக்கத்தில் வந்து குனிந்து, விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது பூஞ்சணம் இல்ல. எண்ணெப் பிசுக்கு மாதிரி இருக்கு."

"அதனால?"

"தலையில பிசுக்கு ஏறுனா என்ன செய்வோம்? எண்ணெயத் தேச்சு எண்ணெய எடுப்போம். கேக்காரு பாரு கேள்வி."

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறு என்ன கிடைக்கும்? எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் உடம்பில் எந்தப் பிசுக்கும் நிற்காது என்று நம்புகிற ஊர் இது. ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் சித்தி உள்ளே அரங்குவீட்டு நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலைந்து நாளில் அவள் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

"அத்தான், இன்னைக்குச் சனிக்கிழமைல்லா? ஆம்பளையாளுக்குத்தான் எண்ணெ. பிளேட்டுல பாடுதது நானு. எனக்கு வெள்ளிக்கிழமைதான் தேய்க்கணும்."

"சும்மா கெட ஏளா" என்றாள் உங்கள் அம்மா. அவளுக்கும் சிரிப்புத்தான்.

பஞ்சில் நாலு சொட்டு எண்ணெய் தொட்டு, வரி ஓடுகிற போக்கிலேயே வட்டமாகத் தடவினேன். வெள்ளை அப்படியே கரைந்து போயிற்று. நம்ப மாட்டீர்கள், கீழே கன்னங்கரேலென்று, என் முகமே தெரிந்தது. எண்ணெயை எடுக்கச் சீயக்காய்த் தூள் போடலாம் என்றாள் உங்கள் அம்மா. தூள் நரநரவென்று கீறிவிடும் என்று நான் தடுத்தேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அடித்து, மேலே நின்ற நுரையை மட்டும் அள்ளித் தடவி, அருவித் தண்ணீரைச் சாய்வாக விட்டு அலசினேன். அந்த யோசனையை நினைத்து அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிழலில் காயவைக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரல் விட்டு வெயில் அடித்தது. தட்டில் எண்ணெய் வாடை போகவில்லை. அதனால் ஒரு தாம்பாளத்தில் துணி விரித்து, தட்டை அதில் வைத்து, ஒரு உலை கொதிக்கிற நேரம் முற்றத்து வெயிலில் வைத்தேன். இளவெயில்தான். இளவெயில் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு, புது ஊசி மாட்டி, தட்டு முழுவதையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரைச்சல் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, எங்கெங்கே டிக் டிக்கென்று தட்டுகிறது என்று ஒரு காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முடிந்ததும் எண்ணினால் பதினேழு கோடு. பதினேழு பரவாயில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

திங்கட்கிழமை நானும் மாமனாரும் குதிரை வண்டியில் குற்றாலம் போனோம். கிராமபோன் பெட்டி என் காலடியில், தட்டு என் மடியில். கம்பெனிக்காரர் அப்போதுதான் அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். தட்டைக் கையில் வாங்கியவர் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னங்க, நல்லெண்ணெய் மணக்குது? இதுவும் நம்மளோட குளிச்சிட்டு வந்துதா?"

மாமனாருக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. நான் பெட்டிக்குச் சாவி கொடுத்தேன்.

தட்டு பாட ஆரம்பித்தது. கம்பெனிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தொடையில் ஒரு விரல் மெதுவாகத் தாளம் போட்டது. மாமனார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிஷம் இருக்கும். அதற்குள் ஊசி என்னமோ முனகியது. பிறகு கரகரவென்று இழுத்தது. நான் கையை நீட்டுவதற்குள் ஊசிக்கு முன்னால் கருப்பாக ஒரு சுருள் கிளம்பிவிட்டது, இழைப்புளிக்கு முன்னால் மரச்சுருள் வருமே, அப்படி. அதற்குக் கீழே அலுமினியம் பளபளவென்று தெரிந்தது.

ஊசியை எடுத்தேன். வெளியே அருவிச் சத்தம் மட்டும்.

"குரல் இருக்கிற மாதிரித்தான் இருக்கு" என்றார் கம்பெனிக்காரர். "ஆனா இத வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. பாப்பா ஊர்லதான இருக்கு? நாளைக்குக் காலைல வந்து ரெண்டு வரி பாடட்டும். புதன்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"அது எங்கள்ல வழக்கம் இல்லீங்க."

"கதவுக்கு அந்தாண்ட நின்னு பாடினாலும் போதும்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிளேட்டக் கொண்டாந்தோம். அது பேசல. அவ்வளவுதான் சாமி உத்தரவு."

பிள்ளைகளா, நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. மாப்பிள்ளை சொன்னால் மாமனார் ஒருவேளை கேட்டிருப்பார். கதவுக்கு அந்தாண்ட நிற்பதில் என்ன தப்பு என்று ஒரு வார்த்தை. நானோ கையில் அந்தக் கருப்புச் சுருளை வைத்துக்கொண்டு, எண்ணெயா, தண்ணீரா, பூந்திக்கொட்டையா, வெயிலா, ஓரத்தில் வைத்த ஸ்பிரிட்டா, நேற்றுப் போட்டுப் பார்த்த ஊசியா என்று மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் மாமனார் வண்டியில் ஏறிவிட்டார்.

"விடும் மாப்பிள்ளே. ஒம்மேல என்ன தப்பு இருக்கு" என்றார் வழியில். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் உங்கள் சித்திக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமனார் நேராகக் கால் கழுவப் போனதிலேயே தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் இருந்த இடத்துக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அத்தான், நேத்து நீங்க முழுசாக் கேட்டீங்கல்லா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துது?"

"இரைச்சல் ரொம்பக் கொறஞ்சிருந்துது. பதினேழு எடத்துலதான்..."

"நான் பாட்டக் கேக்கேன்."

நான் தட்டை எடுத்துத் துணியில் சுற்றினேன்.

"ரெண்டாவது தரம் மேல போவேன்லா, அங்கன எனக்குத் தொண்ட நடுங்கிச்சு. இல்ல, நடுங்குனாப்புல எனக்குத் தோணிச்சோ என்னமோ. அது நடுங்குச்சா, நின்னுதா?"

அந்த இடம் எது என்றே எனக்குத் தெரியவில்லை. மேலே போனது ஞாபகம் இல்லை. நடுப்பகுதியில் அடுத்தடுத்து மூன்று கோடு போட்டது மட்டும் ஞாபகம் இருந்தது. வீட்டில் அந்தத் தட்டை முழுதாகக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். அவளுக்கு அன்றைக்கே காதில் ஏறவில்லை, அவளைப் பெற்றவரும் கேட்டதில்லை. கேட்ட நானோ தூசியைத்தான் கேட்டிருக்கிறேன்.

"நின்னுது" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியாதபோது, அவள் நம்பினாளா இல்லையா என்று நான் எப்படிச் சொல்ல? தை மாதம் கல்யாணம் நடந்தது. உங்கள் சித்தப்பா தங்கமான மனுஷர், அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. தட்டை அவள் கொண்டுபோகவில்லை. நானும் கேட்கவில்லை. கடைப் பெட்டியிலேயே கிடந்தது.

யுத்தம் முடிந்த பிறகு மதுரைக்குப் போயிருந்தபோது ரேடியோ வேலை தெரிந்த ஒரு என்ஜினியரைப் பார்க்க வாய்த்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கருப்புப் பூச்சுக்குள்ளயே விளக்கெண்ணெய் கலந்திருக்கும். வருஷமாக ஆக அது மேல வந்து வெள்ளையாப் பூக்கும். எண்ணெய் போன தோல் சுருங்கி, தன்னாலயே உரியும்."

"அப்போ நான் கெடுக்கலையா?"

"வெயில்ல வச்சேன்னீங்களே. சுருங்குறது கூடியிருக்கும். அந்தக் கனத்த ஊசியும் ஆகாது. கருவேல முள்ளச் சீவிப் போட்டிருக்கலாம்."

"நல்லெண்ணெய்?"

"யாரும் தேச்சுப் பாத்தது இல்லீங்களே. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியல" என்றார். அவ்வளவு படித்தவருக்கும் தெரியவில்லை. கழுவியதால் கெட்டதா, கழுவாமல் விட்டிருந்தாலும் கெட்டிருக்குமா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனபடியால் உங்களுக்குச் சொல்வது இதுதான். நடு ஓட்டையில் தகடு தெரிகிற தட்டு எப்போதாவது கையில் கிடைத்தால், துடைக்காதீர்கள். கூட்டமாக உட்கார்ந்து முதலில் ஒரு தடவை பாட்டைக் கேட்டுவிடுங்கள்.

மதுரையிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் கடையில் நான் மட்டும் இருந்தேன். பலகைக் கதவில் இரண்டைச் சாத்தினேன். கருவேல முள் ஒன்றைச் சீவி ஊசிக்குப் பதிலாகச் செருகி, அந்தத் தட்டைப் பெட்டியில் வைத்தேன். உரியாமல் நின்றது வெளியோரத்தில் ஒரு விரல் அகலம். பென்சிலும் காகிதமும் எடுக்கவில்லை. தம்புராச் சத்தம் வந்தது. அவள் ஒரு தடவை செருமினாள். மூச்சை இழுத்தாள். பாட ஆரம்பித்தாள். மேலே போகிற இடம் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. தகடு தெரிகிற இடம் வருவதற்கு முன்னால் முள்ளைத் தூக்கிவிட்டேன்.

தட்டின்மேல் முள் தேய்ந்த தூள் மெல்லிய வட்டமாகப் படிந்திருந்தது. கை பழக்கத்தில் பிரஷ்ஷை எடுத்தது. திரும்ப வைத்துவிட்டேன். ஊதக்கூட இல்லை, அப்படியே உறைக்குள் நுழைத்தேன்.